மூத்தார் கிளறிய பொங்கல்

என் மூத்தார் முனிகிருஷ்ணனுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வேலை. மார்கழி ஒன்பதாம் நாள். மீதி நாட்கள் முழுக்க அந்த ஒரு நாளைப் பற்றிப் பேசியே அவருக்குப் பொழுது போதவில்லை.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரர் பாஸ்கரின் அண்ணன். வயது அறுபத்தொன்று. பொன்னேரியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் அவருக்கு மூன்று ஏக்கர் நெல் நிலம். யாரைப் புதிதாகப் பார்த்தாலும் பேரைச் சொல்வதற்கு முன்னால் அந்த மூன்று ஏக்கரைச் சொல்லிவிடுவார். அதில் அவர் கால் வைத்துப் பத்து வருஷம் ஆகிறது. முனுசாமி என்கிறவர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறார், நெல்லை அரைத்து மூட்டையாக வீட்டில் கொண்டுவந்து போடுகிறார். புயல் மழையில் தண்ணீர் நின்று கதிர் சாய்ந்து கிடக்கிறது, ஒரு நடை வந்து பாருங்கள் என்று முனுசாமி கூப்பிட்டால், முட்டி வலி என்பார். டீக்கடைக்குப் போகும்போது அந்த முட்டிக்கு ஒரு குறையும் இருக்காது.

உரக்கடை வைத்தார், மூடினார். வார்டு மெம்பருக்கு நின்றார். எங்கள் தெருவில் மட்டும் அறுபது ஓட்டு இருக்கிறது, மொத்த வார்டிலும் சேர்த்து அவர் வாங்கியது ஒன்பது. அந்த ஒன்பதில் என் ஓட்டு கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பஜனை கோயிலில் மார்கழி முப்பது நாளும் விடியற்காலை பொங்கல் வைப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் முறை. ஒன்பதாம் நாள் எங்கள் குடும்பத்து முறை. முறைக்காரர் வீட்டு ஆண்கள்தான் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அடுப்பு மேட்டில் அண்டாவை ஏற்றி, துடுப்புப் பிடித்துக் கிளற வேண்டும். பொம்பளைகள் அரிசி கழுவலாம், பருப்பு வறுக்கலாம், மிளகு பொடிக்கலாம், இஞ்சி நசுக்கலாம், நெய் உருக்கலாம், முந்திரி உடைக்கலாம், விறகு சுமக்கலாம், கடைசியில் அண்டாவைத் தேய்க்கலாம். துடுப்பை மட்டும் தொடக்கூடாது. மேட்டிலேயே ஏறக்கூடாது. குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம், குழாயடியில் நிற்க வேண்டும்.

பஜனை கோஷ்டி நாலு தெருவும் சுற்றி வந்ததும் பூஜை. பூஜை முடிந்ததும் கோஷ்டித் தலைவர் அப்பாவு மைக்கில் முறைக்காரர் பேரைச் சொல்வார். ஊர் முழுக்கக் கேட்கும். பேர் சொன்ன ஆளுக்குத் தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை, முதல் தொன்னைப் பொங்கல். என் மூத்தார் வருஷம் பூராவும் உயிரோடு இருப்பது அந்த இரண்டு நிமிஷத்துக்குத்தான்.

என் மாமனார் சாவதற்கு முன்னால் அப்பாவுவை வைத்துக்கொண்டே சொன்னார், ஒரு வருஷம் பெரியவன் பேர், ஒரு வருஷம் சின்னவன் பேர் என்று. அவர் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. பாஸ்கர் பேர் ஒரு முறைகூட மைக்கில் வந்ததில்லை. கேட்டால் மூத்தார், “அவன் சின்ன பையன்மா, பின்னால பாத்துக்கலாம்” என்பார். சின்னப் பையனுக்கு ஐம்பது வயது. மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டர். அடுப்புப் புகையும் வெல்டிங் புகையும் பார்த்துப் பார்த்து அண்ணனைவிடக் கிழவனாகத் தெரிகிறான். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். ஒரே ஒரு வருஷம் அந்த மைக்கில் என் புருஷன் பேரைக் கேட்க வேண்டும். நகை கேட்டேனா, நிலம் கேட்டேனா?

நான் யார் என்று சொல்லவில்லை. பேர் பிரேமா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் பதினாலு வருஷமாகச் சமைக்கிறேன். தினமும் நானூற்றைம்பது பேருக்கு நாஷ்டா. புதன், சனி பொங்கல். அண்டா பக்கத்தில் போகாமலே கொதிக்கிற சத்தத்தை வைத்துத் தண்ணீர் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவள் குழாயடியில் நிற்க வேண்டும், வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷர் துடுப்புப் பிடிக்க வேண்டும். இதுதான் எங்கள் ஊர் ஆசாரம்.

அவர் கிளறுகிற அழகு ஊருக்கே தெரியும். தலைப்பாகை கட்டிக்கொண்டு பத்து சுற்று சுற்றுவார். யாராவது போனில் படம் எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வார். பிறகு, “கண்ணு எரியுது பாஸ்கரு, சித்த புடி” என்று துடுப்பைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பாஸ்கர் என்னைப் பார்ப்பான். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் ஒரு விரல் காட்டினால் தண்ணீர் ஊற்று, இரண்டு விரல் காட்டினால் விறகை இழு, கையை மூடினால் இறக்கு. இப்படித்தான் இத்தனை வருஷமாகப் பெருமாளுக்குப் பொங்கல் வெந்துகொண்டிருக்கிறது. மூத்தார் மட்டும் அடுத்த மார்கழி வரைக்கும் டீக்கடையில், “கிளர்றதுல ஒரு பதம் கீதுப்பா, அது எல்லாருக்கும் வராது” என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

போன டிசம்பரில் மூத்தார் பெண்டாட்டி, என் ஓரகத்தி சந்திரகலா மீஞ்சூரில் மகள் ரம்யாவின் பிரசவத்துக்குப் போய்விட்டாள். அரிசி எடுத்து வைக்கிற ஆள் அவள்தான். நான் வந்து எடுத்து வைக்கிறேன் என்றேன். மூத்தார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இந்த வருஷம் எல்லாம் நானே பாத்துக்கறேன். நம்ம நெலத்து அரிசி. என் கையால அளந்து, என் கையால கழுவி, என் கையால கிளறப்போறேன். யாரும் ஒண்ணும் பண்ணத் தேவையில்ல.”

“அளக்கத் தெரியுமா மாமா?” என்று கேட்டேன்.

“நெலத்துக்காரனாண்ட வந்து அரிசி அளக்கத் தெரியுமான்னு கேக்கறியே, உனக்கே நல்லா கீதா?”

ஒன்பதாம் நாள் டிசம்பர் இருபத்து நாலு. கேன்டீனில் என் வேலையைக் கூடச் சமைக்கிற ஏஞ்சலின் ஏற்றுக்கொண்டாள். மறுநாள் அவளுக்குக் கிறிஸ்துமஸ், வீட்டில் கலகலா பலகாரத்துக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு வந்து எனக்காக நானூற்றைம்பது பேருக்கு இட்லி ஊற்றினாள். காலை ஷிஃப்ட் நாஷ்டா முடிந்ததும் நான் போய் அவளை விடுவிக்க வேண்டும் என்று பேச்சு. யாரோ ஒரு ஏஞ்சலினுக்கு இருக்கிற மனசு சொந்தத்தில் இல்லை என்பதை நினைத்துக்கொண்டுதான் அன்றைக்கு விடிகாலை கோயிலுக்குப் போனேன்.

நான் போகும்போதே அண்டா ஏறிவிட்டது. அரிசியும் பருப்பும் மிளகும் உள்ளே. மூத்தார் தலைப்பாகையோடு நின்றுகொண்டு துடுப்பால் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தார். பஜனை கோஷ்டி புறப்பட்டுப் பக்கத்துத் தெருவில் பாடிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போலக் குழாயடியில் நின்றேன்.

கொதி வந்தது. ஆவி என் பக்கம் அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சரிசி வேகிற வாசனை ஒன்று, புழுங்கலரிசி வேகிற வாசனை வேறு. மூக்கு இருக்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரியும். கழுவும்போது கீழே சிந்தியிருந்த நாலு அரிசியைப் பொறுக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். மங்கலான மஞ்சள். பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

முனுசாமி அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து போடும்போது பச்சரிசி மூட்டைக்குச் சிவப்புக் கயிறு, புழுங்கலுக்கு வெள்ளைக் கயிறு கட்டித்தான் போடுவார். சந்திரகலாவுக்கு அது தெரியும், எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டு எலிக்குக்கூடத் தெரிந்திருக்கும். நிலத்துக்காரருக்குத் தெரியாது. புழுங்கலரிசி சாமிக்கு ஆகாது, நைவேத்தியத்துக்குப் பச்சரிசிதான். இது எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரிந்த விஷயம். போதாக்குறைக்கு, என்ன கிளறினாலும் குழையாது. பருப்பு ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம் நிற்கும்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பார்க்கட்டும், ஊரே பார்க்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூத்தார் பத்து சுற்று முடித்து நாற்காலிக்குப் போனார். பாஸ்கர் துடுப்பை வாங்கினான், கிளறினான், குனிந்து பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகம் சுண்டிப் போயிருந்தது. அவன் முறையும்தானே அது. முறை கெட்டால் அடுத்த வருஷம் அதை வாங்கிக்கொள்ள மனை விற்கிற அன்புராஜ் வாசலிலேயே காத்திருக்கிறார். ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் மேட்டில் ஏறினேன். கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

“ஏய், இன்னாமா இது, எறங்கு எறங்கு” என்று மூத்தார் பதறி எழுந்தார்.

“மாமா, இது புழுங்கலரிசி.”

“யார் சொன்னது? நம்ம நெலத்து அரிசி அப்படித்தான் கலரா இருக்கும்.”

ஒரு கரண்டி எடுத்து அவர் உள்ளங்கையில் போட்டேன். சூடு தாங்காமல் உதறினார். உதறின சோறு ஒவ்வொன்றாகத் தனித்தனியாகத் தரையில் விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோஷ்டி பாடுகிற பக்கம் பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“பேஜாராப் போச்சேமா. இப்ப இன்னா பண்றது?”

“எங்க ஊட்ல வெச்சி எடுத்தாரேன். ஒரு மணி நேரம் ஆவும். ஆனா ஒண்ணு. இன்னிக்கி மைக்ல உங்க தம்பி பேரு சொல்லணும்.”

“பொம்பள கிளறினத சாமிக்கு வெக்கலாமா?” என்றார். அந்த நேரத்திலும் கேட்டாரே!

“புழுங்கலரிசிய வெக்கலாமா?”

தலைப்பாகைத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சரிம்மா. நைனா சொன்னதுதானே. பாஸ்கரு பேரே சொல்லச் சொல்றேன்” என்றார். பாஸ்கர் நெருப்பை அணைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு ஓடினேன். என்னிடம் இருந்தது ரேஷன் கடைப் பச்சரிசி. மூன்று ஏக்கர் நிலக்காரர் முறைக்கு ரேஷன் அரிசி. சிரிப்பு வந்தது, சிரிக்க நேரமில்லை. கல் பொறுக்கிக் கழுவி, வறுத்த பாசிப்பருப்பு சேர்த்து, கேஸ் அடுப்பில் இரண்டு குண்டானை ஏற்றினேன். தண்ணீர் கொஞ்சம் தாராளம், உப்பு கடைசியில், மிளகு பாதி முழுசு பாதி உடைத்தது, இஞ்சி கை நிறைய. மூத்தார் வாங்கிய நெய் போதாது என்று என் டப்பாவையும் கவிழ்த்தேன். சாமிக்காக இல்லை. என் புருஷன் பேரில் போகிற பொங்கல் தொண்டையில் நிற்கக்கூடாது என்பதற்காக. முந்திரி பொரிகிற நேரத்தில் கோஷ்டி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. சின்னப் பையன்கள் ஜால்ரா தட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்கள்.

பாஸ்கர் இரண்டு குண்டானையும் சைக்கிள் கேரியரில் வைத்துத் துணி மூடித் தள்ளிக்கொண்டு பின்வழியாகப் போனான். புழுங்கல் சோற்றை இரண்டு வாளியில் வாரி ஓரமாக வைத்துவிட்டு, அண்டாவைக் கழுவி, என் பொங்கலை அதில் கொட்டினோம். மூத்தார் மேலாக நாலு சுற்று சுற்றினார். சுற்றாமல் இருக்க முடியவில்லை அவரால்.

பூஜை நடந்தது. நான் பெண்கள் வரிசையில் முதலில் நின்றேன். இருந்ததில் நல்ல புடவை, மஞ்சள் கரை. அப்பாவு மைக்கைத் தட்டினார். மூத்தாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பேச்சு மாறவில்லை. அப்பாவு காதில் போய், “தம்பி பேரச் சொல்லுங்க, நைனா சொன்னது கீதுல்ல” என்றது என் காதிலேயே விழுந்தது. சொல்லிவிட்டுத் தூணோரம் போய் நின்றார். பரிவட்டம் இல்லாத அந்தத் தலையைப் பார்க்கும்போது எனக்கு வயிறு குளிர்ந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

“இன்னைக்கு ஒம்பதாம் நாள் உபயம்...” என்று அப்பாவு ஆரம்பித்தார்.

“ஐயா, வாணாம்” என்று ஒரு குரல் கேட்டது. பாஸ்கர். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தான். “எப்பவும்போல அண்ணன் பேரே சொல்லுங்க.”

அப்பாவு இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். யோசிக்க அவருக்கு நேரமே கொடுக்காமல் என் மூத்தார் தூணை விட்டு வந்து தலையைக் குனிந்துவிட்டார். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பரிவட்டம் ஏறியது, மாலை விழுந்தது, முதல் தொன்னை கைக்கு வந்தது. மைக்கில் அவர் பேர் எங்கள் தெரு, அடுத்த தெரு, கழனி வரைக்கும் கேட்டது. ஒரு வாய் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, “நம்ம நெலத்து அரிசி ருசியே தனி” என்றார். மைக் இன்னும் அணைக்கவில்லை. அதுவும் ஊர் முழுக்கக் கேட்டது.

நான் தொன்னை வாங்காமல் கிளம்பிவிட்டேன். பொன்னேரியில் ரயிலைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டி போகிற வரைக்கும் எனக்குக் கோபத்தில் காது அடைத்திருந்தது. கேன்டீனில் ஏஞ்சலின், “இன்னாக்கா, உங்க ஊட்டுக்காரர் பேர் சொன்னாங்களா?” என்று கேட்டாள். “சொன்னாங்க” என்றேன். அவளிடம் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது இரண்டு வாளிப் புழுங்கல் பொங்கலும் அடுப்படியில் இருந்தது. ஒரு வாளியை மாட்டுக்கு வைத்தேன். இன்னொரு வாளியிலிருந்து ஒரு தட்டு நிறைய வைத்துப் பாஸ்கர் முன்னால் தள்ளினேன். ஊறுகாய்கூடத் தரவில்லை. அவன் அதைக் குழம்பும் கேட்காமல் தின்ன ஆரம்பித்தான்.

“மானம் ரோஷம் ஏதாவது கீதா உனக்கு?” என்றேன். “கையில வந்தத எடுத்து அந்தாளு தலைல கட்டிட்டியே. அவரே வுட்டுக் குடுத்துட்டாரு. உனுக்கு இன்னா வந்துச்சி?”

பாஸ்கர் மென்றுகொண்டே இருந்தான். பிறகு சொன்னான், கோபமே இல்லாமல், வாயில் அகப்பட்ட மிளகை எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொண்டே.

“எனக்கு வேல கீது, நீ கீற. சம்பாதிக்கிறோம், துன்றோம். அந்தப் பேரையும் நாம வாங்கிக்கினா, நாளைக்கு எழுந்து அண்ணன் இன்னான்னு சொல்லிக்கினு டீக்கடைக்குப் போவாரு? அவராண்ட இன்னா கீது மே? ஒண்ணுமே இல்ல.”

இருபத்திரண்டு வருஷமாக அந்த மனுஷரை நான் பேசாத பேச்சில்லை. சோம்பேறி என்றிருக்கிறேன், வெத்துவேட்டு என்றிருக்கிறேன், அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அத்தனையிலும் அவர் என்னோடு சரிக்குச் சரி நின்று சண்டை போடுகிற ஓர் ஆள். என் புருஷன் ஒரு திட்டுத் திட்டவில்லை. அண்ணனை ஆள் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருக்கிறான். எத்தனை வருஷமாக என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். மூத்தார். நெற்றியில் காலையில் இட்ட நாமம் அழியாமல் பாதுகாத்து வைத்திருந்தார்.

“பாஸ்கரு, சந்திரகலா இல்ல, ஊட்ல சோறு ஆக்கல. பொங்கல் மிச்சம் கீதாடா?”

எப்போதும்போல ஏதாவது சொல்ல வாயைத் திறந்தவள், தட்டு எடுத்து வைத்து, இரண்டு கரண்டி போட்டு, ஊறுகாயும் வைத்தேன். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் தலையை ஆட்டினார்.

“இதுகூட மோசமில்ல பாஸ்கரு. கிளறின கை அப்டி.”

“ஆமாண்ணே” என்றான் பாஸ்கர்.